அலுவலகம் செல்வோரும் அயர்ன்மேன் போட்டியும்

நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் செய்து முடிக்கும் பந்தயத்திற்கு டிரையத்லான் என்று பெயர். 2000ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இக்கட்டுரை எடுத்துக்கொண்டிருப்பது இதனினும் பன்மடங்கு நீண்ட வகையாகும். அயர்ன்மேன் என்று வழங்கும் அப்போட்டியில் 3.86 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் 42.2 கிலோமீட்டர் முழு மராத்தானையும் ஓடவேண்டும். பொதுவாக இதற்குரிய கெடு 17 மணி நேரம்.

'இது வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்யும் காரியம்' என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இப்போட்டி தோன்றிய வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1977இல் ஹவாயைச் சேர்ந்த ஓவாஹூ தீவில் ஒரு தொடர் ஓட்டப் பந்தயத்தின் பரிசளிப்பு விழா நடந்தது. ஓட்டக்காரர் உடல்திறன் மிக்கவரா, நீச்சல்காரர் மிக்கவரா என்று அங்கே ஒரு வாதம் எழுந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் காலின்ஸ் இடையில் புகுந்து, பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் பிராணவாயு கொள்ளும் திறன் இருவகையாரையும் விஞ்சியது என்று தாம் படித்ததைச் சொன்னார். வாதத்தைத் தீர்க்க, தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் அவரும் அவர் மனைவி ஜூடியும் ஒரே நாளில் கோத்துவிட்டனர். தீவைச் சுற்றிய சைக்கிள் பந்தயம் 115 மைல். அதை இரண்டு நாளில் ஓட்டுவது வழக்கம். மராத்தான் தொடங்கும் இடத்தில் அது வந்து முடிவதற்காக மூன்று மைலைக் குறைத்தார்கள். 180 கிலோமீட்டர் என்ற கணக்கு வந்த கதை இதுதான்.

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கோர்டன் ஹாலர் கடற்படையில் தகவல் தொடர்புப் பணியில் இருந்தவர். அவருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று. மறு ஆண்டு லின் லெமேர் என்ற பெண்மணி 12 மணி 55 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து ஐந்தாவதாக வந்தார். இவ்விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர் அந்நாளில் ஒருவரும் இலர். அப்படியொரு தொழிலே அப்போது கிடையாது.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான இடங்களில் நீச்சலுக்குக் கெடு 2 மணி 20 நிமிடம். சைக்கிளை முடிக்க, தொடக்கத்திலிருந்து 10 மணி 30 நிமிடம். ஒருவர் 1 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கரையேறி, உடை மாற்றக் கால்மணி நேரம் செலவிட்டால், சைக்கிளுக்கு எட்டரை மணி நேரம் இருக்கும். அதாவது மணிக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் போதும். எஞ்சிய ஆறரை மணியில் உடை மாற்றப் பத்து நிமிடம் போனாலும், மராத்தானில் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் கிடைக்கும். வேகமாக நடந்தாலே கிலோமீட்டருக்கு 10 நிமிடந்தான் ஆகிறது. ஆகவே முதன்முறை செல்பவருக்கு வேகம் பெரிய பொருட்டன்று; நெடுநேரம் நில்லாமல் இயங்கும் ஆற்றலே வேண்டும். மேலும், மொத்த நேரத்தில் சரிபாதி சைக்கிளின் மேல் கழிகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். தொடக்கக்காரர் பலர் இதைக் கவனியாமல், தமக்குப் பிடித்த ஓட்டத்திலேயே பயிற்சி நேரத்தைச் செலவழித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கின்றனர்.

வாரத்திற்கு 168 மணி நேரம். உறக்கத்திற்கு நாளொன்றுக்கு 8 வீதம் 56 போகட்டும். ஐந்து நாள் அலுவலகத்திற்குப் பயணம் உட்பட 50. குளியல், உணவு, கடைகண்ணி, வீட்டு வேலை எனத் தினம் 4 வீதம் 28. மீதி 34. இதில் 10 மணி நேரத்தைப் பயிற்சிக்கு எடுத்தாலும் 24 மணி நேரம் மனைவி மக்களுக்கும் சுற்றத்தாருக்கும் இருக்கிறது. தாளில் இது எளிது. நடைமுறையில் அந்த 10 மணி நேரம் முதலில் உறக்கத்திலிருந்துதான் திருடப்படுகிறது. காலை நான்கரைக்கு எழுபவர் இரவு எட்டரைக்கே படுத்தாகவேண்டும்; அவ்வாறு படுக்க இயலாத வீடாயின் காலைப் பயிற்சியைச் சுருக்கிக்கொள்வதே முறை. உடல் வலுப்பெறுவது பயிற்சியின்போது அன்று. அதன் பிறகு கிடைக்கும் ஓய்வில்தான்.

ஓரளவு நீந்தவும், 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டவும், 10 கிலோமீட்டர் ஓடவும் முடிந்தவருக்கு ஏறக்குறைய 30 வாரப் பயிற்சி தேவை. செவ்வாய், வியாழன் காலை நீச்சல். புதன் காலை ஒரு மணி நேர ஓட்டம். சனிக்கிழமை நீண்ட சைக்கிள். ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் முழு ஓய்வு. சனிக்கிழமைச் சைக்கிள் இரண்டு மணியில் தொடங்கி, மெல்ல மெல்ல வளர்ந்து, ஐந்தாறு மணி நேரம் வரை செல்லவேண்டும். அவ்வாறு நீளும் வாரங்களில் ஞாயிறு ஓட்டத்தைச் சுருக்கினாலும் குற்றமில்லை. நான்கு வாரத்திற்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்கவேண்டும். அலுவலகத்திற்கே சைக்கிளில் போய்வர முடிந்தவர் பாக்கியசாலி. பயண நேரமே அவருக்குப் பயிற்சி நேரமாகிறது. சில சனிக்கிழமைகளில் சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் 20 நிமிடம் ஓடிப் பழகவேண்டும். கால்கள் முதலில் மரக்கட்டை போலிருக்கும். பழகப் பழக அது நீங்கும். விலை மிகுந்த சைக்கிள் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உடலுக்குப் பொருந்திய உயரமும் நல்ல பிரேக்கும் இருந்தால் முதற் போட்டிக்கு அது போதும்.

இப்பயிற்சியில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்திலேயே இருக்கவேண்டும். இதற்கு உடலியல் காரணம் உண்டு. தசையில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் ஈரலில் உள்ளதையும் சேர்த்து 500 கிராம் அளவே. அதிலிருந்து சுமார் 2,000 கலோரி கிடைக்கும். முழுப் போட்டிக்கோ உடலின் எடையைப் பொறுத்து 6,000 முதல் 10,000 கலோரி வரை தேவை. ஆனால் மெலிந்த உடலிலும் கொழுப்பாக 40,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதை எரிக்கத் தசையணுக்களில் மைட்டோகாண்டிரியா பெருகவேண்டும். பல வாரங்கள் ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்கானதை ஜான் ஹாலோசி 1967இல் காட்டினார். நெடுநேர மிதவேகப் பயிற்சி செய்வது இதைத்தான். தினமும் மூச்சிரைக்க ஓடினால், களைப்பு மிஞ்சி மறுநாள் அலுவலகக் கோப்பின் மேல் தலை சாயும்.

நீச்சலில் நம்மவர்க்குத் தனியாக ஓர் இடர்ப்பாடு உண்டு. கிணற்றிலும் ஆற்றிலும் கற்றவர்கள் தலையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டே நீந்துகிறார்கள். தலை உயர்ந்தால் கால் தாழும்; தாழ்ந்த கால் நீரை இழுத்துக்கொண்டு வரும். முகத்தை நீருள் வைத்து, பக்கவாட்டில் மூச்சு வாங்கக் கற்கவேண்டும். இதில் வலிமையைவிட முறையே பெரிது. எனவே வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் நீந்துவதிலும், பல நாள் முக்கால் மணி நேரம் நீந்துவதே நன்று.

நீச்சல் குறித்துக் கடுமையாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களும் இதய நிறுத்தங்களும் பற்றி வெளியான ஆய்வொன்று 135 நிகழ்ச்சிகளைக் குறிக்கிறது. அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். ஆகவே நாற்பது வயதை அடைந்தவர் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்கவேண்டும். குளத்து நீச்சலோடு நில்லாது, துணையுடன் திறந்த நீரிலும் பலமுறை பழகவேண்டும். பந்தயத்தில் மார்பு இறுகினால், கை தூக்கிப் படகை அழைக்கத் தயங்கக்கூடாது.

உணவும் பயிற்சியில் அடங்கியதே. 1978இல் ஒவ்வொருவரும் தம் உதவியாளரைத் தாமே அழைத்துவந்தனர். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு மராத்தானில் தண்ணீர் தீர்ந்துவிட, அவருடைய ஆட்கள் பீரைக் கொடுத்தார்களாம்! இன்றைய அறிவுரை மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. வயிறு ஏற்றுக்கொண்டால் 90 வரை. பெரிய பச்சை வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. கடலைமிட்டாயோ, உப்புச் சேர்த்த எலுமிச்சைச் சர்க்கரை நீரோ எது ஒத்துக்கொள்கிறது என்பதைச் சனிக்கிழமைகளிலேயே கண்டுபிடிக்கவேண்டும். தாகத்திற்கு மேல் நீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் நெடுந்தொலைவு ஓட்டக்காரரிடையே இதனை 1985இல் எடுத்துக்காட்டினார்.

கடைசி இரண்டு வாரங்களில் பயிற்சியின் வேகத்தை மாற்றாமல் அளவை மட்டும் பாதியாகக் குறைக்கவேண்டும். அப்போது உடல் சும்மா இருக்க மறுக்கும். விட்ட பயிற்சிகளையெல்லாம் ஈடுசெய்ய மனம் தூண்டும். ஆறு மாதத்தில் விட்டதை ஆறு நாளில் பிடிக்க முடியாது. விடுப்பு விண்ணப்பத்தில் போட்டிக்கு முதல் நாளோடு, அதற்குப் பின் இரண்டு நாளும் சேர்த்து எழுதுவது நலம். மூன்றாம் நாளும் அலுவலக மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள நேரும்.