முகத்தில் மின்னலடிக்கும் வலி: பல் வலியா, நரம்பு வலியா?

பல் துலக்கும்போது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தது போல் ஒரு வெட்டு. சில விநாடிகளில் நின்றுவிடும். பிறகு மீண்டும் வரும். முகம் கழுவினால் வரும். மின்விசிறிக் காற்று பட்டால் வரும். சோறு மெல்லும்போதும் பேசும்போதும் வரும். வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்து உடல் மெலிந்தவர்களும் உண்டு.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே நம் பெரியவர்களுக்கு வலியைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஆனால், இந்த வலி பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல. இதற்குப் பெயர் உண்டு, மருந்து உண்டு. மருந்து போதாவிட்டால் கத்தி வைக்காத கதிர்வீச்சுச் சிகிச்சையும் உண்டு.

இது என்ன நோய்?

முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய உணர்வு நரம்பு இருக்கிறது. அது நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஆகவே அதை முப்பெரு நரம்பு என்பார்கள். அதில் உண்டாகும் வலியை மருத்துவர்கள் ‘டிரைஜெமினல் நியூரால்ஜியா’ என்று அழைக்கிறார்கள்.

பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியில் ஓர் இரத்தக்குழாய் இந்த நரம்பை அழுத்துகிறது. நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்கிறது. மின்கம்பியின் உறை தேய்ந்தால் பொறி பறக்கும் அல்லவா? அதுபோல, இலேசாகத் தொட்டாலே வலி பாய்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், அதிலும் பெண்களிடம், இது அதிகம் காணப்படுகிறது.

பல்லைப் பிடுங்கும் முன் யோசியுங்கள்

கீழ்த்தாடையிலும் மேல்தாடையிலும் வலி வருவதால் பலர் இதைப் பல் வலி என்றே நினைக்கிறார்கள். ஒரு பல்லைப் பிடுங்கியும் வலி நிற்காது. அடுத்த பல்லையும் பிடுங்கச் சொல்வார்கள். பிடுங்கிய பல் திரும்பி வராது.

வித்தியாசம் இதுதான். சொத்தைப் பல் பெரும்பாலும் விடாமல் குடையும்; இரவிலும் வலிக்கும். நரம்பு வலி சில விநாடிகளிலிருந்து இரண்டு நிமிடம் வரை வெட்டி வெட்டி வரும். பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டுமே வரும். முதலில் பல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். பல்லில் குறை இல்லை என்றால், அந்த முடிவை எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

முகத்தில் கொப்புளங்கள் இருந்தால் அது அக்கியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் திடீரென வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள்.

முதல் சிகிச்சை: மாத்திரை

சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அதிகம் உதவுவதில்லை. 1960-களிலிருந்து பயன்பாட்டில் உள்ள கார்பமாசெபின் என்னும் மருந்தைத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் கொடுப்பார்கள். பலருக்கு இதிலேயே வலி அடங்கும். ஆனால் கவனம் தேவை.

• தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆசியர்களில் சிலருக்கு, பரம்பரைக் கூறு காரணமாக, இம்மருந்தால் கடுமையான தோல் நோய் வரலாம். மருந்தைத் தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள்.
• தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரலாம். இரவில் எழும்போது விளக்கைப் போட்டு நடங்கள். இரத்தத்தில் உப்பின் அளவு குறையவும் கூடும்.
• இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.
• தம்பூன் பம்ப்ளிமாஸ் போன்ற பழங்கள் இம்மருந்தின் வேகத்தைக் கூட்டக்கூடும். சாப்பிடலாமா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள்.
• வலி நின்றதும் மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

மாத்திரை போதவில்லை என்றால்?

எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த பிறகு, நிபுணர் மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, மண்டையோட்டைத் திறந்து, நரம்பை அழுத்தும் இரத்தக்குழாயை விலக்கி வைக்கும் அறுவைச் சிகிச்சை. நீண்ட கால நிவாரணத்திற்கு இதுவே சிறந்தது. ஆனால் மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலை வேண்டும்.

இரண்டாவது, கன்னத்தின் வழியாக ஊசி செலுத்தி நரம்பின் வலிப்பாதையை மந்தமாக்குவது. நிவாரணம் விரைவில் கிடைக்கும், முகம் மரத்துப்போகலாம்.

மூன்றாவது, கதிர்வீச்சு அறுவைச் சிகிச்சை. இதில் கத்தி இல்லை, தையல் இல்லை. சுவீடன் நாட்டு மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1968-இல் ஸ்டாக்ஹோமில் ‘காமா நைஃப்’ என்ற கருவி பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய கருவியில் 192 மெல்லிய கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து ஒரே புள்ளியில் சேர்கின்றன. பல கைவிளக்குகளின் ஒளி ஓரிடத்தில் சேர்வது போல, அந்தப் புள்ளியில் மட்டுமே கதிரின் வலிமை முழுமையாக இருக்கும்.

சிகிச்சை நாளில் தலையில் சட்டகம் பொருத்தும் இடங்களில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். படம் எடுத்துக் கணக்கிட்ட பின், நீங்கள் விழித்தபடியே படுத்திருப்பீர்கள். கதிர்கள் பாயும்போது வலி இருக்காது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வயது முதிர்ந்தவர்கள், இருதய நோயாளிகள், இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும் வழியாக இருக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்?

வலி அன்றே நிற்காது. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை மாத்திரையைத் தொடர வேண்டும். பிரான்சின் மார்செய் நகரில் இச்சிகிச்சை பெற்ற 497 பேரைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வின்படி, பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் வலி நின்றது. 10 ஆண்டுகளுக்குப் பிறகு மருந்தில்லாமலே வலியின்றி இருந்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகத்தில் மரத்த உணர்வு ஏற்பட்டது.

ஆகவே இது பலருக்கு நல்ல நிவாரணம்; ஆனால் எல்லோருக்கும் நிரந்தரத் தீர்வு அல்ல. கன்னம் மரத்திருந்தால் தே தாரிக்கை ஆற வைத்துக் குடியுங்கள். கண் சிவந்தாலோ உறுத்தினாலோ உடனே காட்டுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வலி எப்போது வந்தது, எதைத் தொட்டதும் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ எழுதச் சொல்லுங்கள்.
2. நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ.க்கு அது முக்கியம்.
3. சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா என எங்கு இருந்தாலும் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை பொருந்தும் என்றால், அது உள்ள மையத்திற்கு நிபுணரே எழுதி அனுப்புவார்.
4. “எனக்கு எந்த வழி பொருந்தும்? மரத்துப்போகும் வாய்ப்பு எவ்வளவு? வலி திரும்பி வந்தால் என்ன செய்வது?” என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

“வயதானால் வலி இருக்கத்தான் செய்யும்” என்று விட்டுவிடாதீர்கள். வலியில்லாமல் ஒரு வாய் சோறு சாப்பிட எந்த வயதிலும் வழி தேடலாம்.