பாங்காக் போகுமுன் படிக்க

கேள்வி: ஐயா, நான் கோயமுத்தூரைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளன். வயது முப்பத்தொன்று; இன்னும் விவாகமாகவில்லை. மூன்று ஆண்டு உத்தியோகமாகக் கம்பெனி என்னைப் பாங்காக்குக்கு அனுப்புகிறது. அங்கே இருந்து திரும்பிய நண்பர்கள் அந்நகரத்து இரவுகளைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் ஆசையும் பயமும் ஒருங்கே உண்டாகின்றன. அவ்வூர்ப் பெண் ஒருத்தியோடு உண்மையான சிநேகம் ஏற்பட்டாலும் ஏற்படலாம். புறப்படுமுன் என்னென்ன புத்தகங்களைப் படிக்கலாம்? ஆங்கிலத்தில் இருந்தாலும் பாதகமில்லை.

பதில்: தங்கள் நண்பர்கள் வாயால் சொல்லும் கதையையே அச்சில் சொல்லும் நாவல்கள் பாங்காக் புத்தகக் கடைகளில் ஒரு வரிசை முழுக்க இருக்கின்றன. வெள்ளைக்காரன் ஒருவன் வருகிறான், மதுக்கடையில் ஒருத்தியைக் காண்கிறான், மயங்குகிறான், பணத்தை இழக்கிறான், ஊர் திரும்பிப் புத்தகம் எழுதுகிறான். இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொடாமலே விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆயினும் இரண்டைப் படியுங்கள். 1956இல் வெளிவந்த ஜாக் ரேனால்ட்ஸின் ‘எ வுமன் ஆஃப் பாங்காக்’ ஒன்று. பாதிரியார் மகனான ஓர் ஆங்கில இளைஞன் நடனசாலைப் பெண்ணான விலாயிடம் கொண்ட மோகத்தால் படிப்படியாகச் சீரழியும் கதை. மற்றது ஸ்டீபன் லெதரின் ‘பிரைவேட் டான்சர்’. இதில் ஒரே சம்பவத்தை அவன் ஒரு விதமாகவும், அவள் ஒரு விதமாகவும், அருகிருந்து பார்த்தவர்கள் வேறொரு விதமாகவும் சொல்கிறார்கள். அவள் தன்னைக் காதலிக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்காகத் துப்பறிவோனை ஏவும் அளவுக்கு அவன் மனம் பேதலித்துப்போகிறது. அந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்வதற்காக இந்நூல்களைப் படிக்க வேண்டாம். தனிமையும் கையில் காசும் சேர்ந்தால் ஓர் ஆண்மகனின் புத்தி என்ன பாடுபடும் என்பதற்குச் சாட்சியமாக மட்டும் படியுங்கள்.

பத்பொங் தெருவும் ‘சோய் கௌபாய்’ என்னும் சந்தும் ஏதோ அநாதி காலந்தொட்டு இருப்பவை என்று நினைத்துவிடாதீர்கள். வியட்நாம் யுத்தத்தின்போது ஓய்வுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் டாலரில் வளர்ந்தது பத்பொங். பின்னதோ 1970களில் அங்கே மதுக்கடை வைத்த ஓர் அமெரிக்க முன்னாள் விமானப்படை வீரரின் பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறது. விபசாரத்தைத் தடுக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; தெருவோ வேறு கணக்கில் நடக்கிறது. பெண்ணுக்கு வாங்கித் தரும் ‘லேடி டிரிங்க்’கின் விலையில் ஒரு பங்கு அவளுக்கு, மிச்சம் கடைக்கு; கடை மூடுமுன் அவள் உங்களோடு வெளியேறினால், அவளுடைய வேலை நேரத்துக்கு ஈடாகக் கடைக்காரருக்குச் செலுத்துவது ‘பார் ஃபைன்’. ஆகவே, அவள் புன்னகையோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும்போதே ஒரு கணக்குப் புத்தகம் திறந்துவிடுகிறது. அது அவள் எழுதிய புத்தகம் அன்று.

அந்தக் கணக்கின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்பவையே நான் முக்கியமாகச் சிபாரிசு செய்யும் நூல்கள். பாசுக் போங்பைச்சித் என்ற தாய்லாந்துப் பொருளியல் அறிஞர், பாங்காக்கின் மசாஜ் நிலையங்களில் வேலை செய்த 50 பெண்களைச் சந்தித்து எழுதிய ஆய்வைச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1982இல் பிரசுரித்தது. கிராமத்து வயலில் கிடைப்பதைக் காட்டிலும் பல மடங்கு சம்பாதித்து, அதில் கணிசமான பகுதியை வீட்டுக்கு அனுப்பும் இப்பெண்கள், குடும்பத்தைவிட்டு ஓடிவந்தவர்களல்லர், குடும்பத்தைத் தாங்குவதற்காக வந்தவர்கள் என்பதை உபதேச வாடையே இல்லாமல் அவர் காட்டுகிறார். இதோடு கம்பூன் பூந்தவியின் ‘எ சைல்ட் ஆஃப் தி நார்த்ஈஸ்ட்’ நாவலையும் சேர்த்துப் படித்தால், ஈசான் என்னும் வடகிழக்குச் சீமையின் வறட்சியும், மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்திருக்கும் அந்த ஜனங்களின் நகைச்சுவையும் பிடிபடும். அச்சீமையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவதும், கடைசிப் பெண்ணுக்கு வீடும் அதனோடு தாய்தந்தையரைப் பேணும் பொறுப்பும் சேர்ந்து வருவதும் பழைய வழக்கம். மகன் சில காலம் பிக்ஷுவாகிப் பெற்றோருக்குப் பட்ட நன்றிக்கடனைத் தீர்க்கிறான். அந்த வழி அடைபட்ட மகளோ உழைத்து அனுப்பும் பணத்தால் தீர்க்கிறாள். தம்பியின் படிப்புக்கும் தந்தையின் வைத்தியத்துக்கும் அவள் பணம் கேட்டால், “எல்லாம் தந்திரம்” என்று உங்கள் நண்பர்கள் சிரிப்பார்கள். தந்திரமும் உண்டு, ஆனால் கடமையைத் தந்திரமென்று எண்ணி ஒரு நல்ல பெண்ணை அவமதித்தவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள்.

உண்மையான சிநேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மதுக்கடைப் புத்தகங்களை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் பெண்ணைப் பார்த்தீர்களானால், அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் வேறில்லை. அவளுக்காகப் படிக்க வேண்டியது கிரிஸ் பிராஸியும் விதிதா வசந்தும் எழுதிய ‘தாய்லாந்து ஃபீவர்’. ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தாய் மொழியுமாக அச்சிட்டிருப்பதால், நீங்கள் வாசித்த பக்கத்தை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளும் வாசித்து, “எங்கள் வீட்டில் இப்படியில்லை” என்று மறுக்கலாம். அந்த மறுப்புக்காகவே புத்தகத்தை வாங்கலாம். மணமகன் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் ‘சின்சொட்’ பற்றி மேல்நாட்டு வாசகர்களுக்கு அது பக்கம் பக்கமாக விளக்குகிறது; நம் பாட்டன்மார் பரிசம் போட்டதை அறிந்த உங்களுக்கு இரண்டு பக்கம் போதும். அந்நிய தேசத்தில் குடியேறியவனின் பிடிவாதத்துக்கு, சீனாவிலிருந்து வந்த ஒரு வியாபாரி தாயாருக்கு எழுதும் கடிதங்களாக 1969இல் போட்டான் என்பவர் படைத்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் தாய்லாந்து’ நாவலுக்கு நிகரானதை நான் படித்ததில்லை. வெளிநாட்டாரை உள்ளூர்ப் பையன் ஒருவன் எப்படி எடைபோடுகிறான் என்று பார்க்க, ரத்தவுத் லாப்சரோன்சப்பின் ‘சைட்ஸீயிங்’ தொகுதியில் முதல் கதை ஒன்றே போதும்.

இவற்றுள் பலவும் வெள்ளைக்காரனையே வெளிநாட்டானாகக் கருதுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் வேறு விதமாக வரவேற்கப்படுவீர்கள். சில இடங்களில் சற்று ஏளனமாகவும்தான். ஆனால் பத்பொங் தெரு வந்து முட்டும் அதே சீலோம் சாலையில், நடந்துபோகும் தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. நவராத்திரியில் அங்கே கூடும் கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களே. நீங்கள் சந்திக்கப்போகும் பெண் உங்களுக்கு முன்பே அந்த அம்மனை அறிந்திருக்கக்கூடும்.

இன்னொன்று. அவள் ஊரில் வீடு கட்டலாமென்ற பேச்சு எழுந்தால் நாவல்களை மூடிவைத்துவிட்டு வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அந்நியர் தம் பெயரில் நிலம் வாங்குவதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் மட்டும், மொத்தப் பரப்பில் 49 சதவிகிதம் வரை அந்நியர் வசம் இருக்கலாம். அவள் பெயரில் மனை வாங்குவதாயின், கொடுக்கும் பணத்தைத் தானமாகவே பாவித்துக் கொடுக்க உங்களுக்கு மனமிருக்கிறதா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.