சேகோ ஆலைக் கழிவுநீருக்கு எந்தக் கலன்?

சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைக்காரர் கழிவுநீரிலிருந்து எரிவாயு தரும் கலன் வாங்க விசாரித்தால், முதலில் கேட்பது "கேஸ் எவ்வளவு வரும்?" என்றுதான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது. ஒரு கிலோ சி.ஓ.டி. (ஆக்சிஜன் தேவையாக அளக்கப்படும் மாசு) சிதைந்தால் கிடைக்கும் மீத்தேன் அதிகபட்சம் 0.35 கன மீட்டர். எந்தக் கம்பெனி கலனாலும் இதைத் தாண்ட முடியாது. கலனுக்குக் கலன் மாறுவது, உங்கள் தண்ணீரை அது தாங்குமா என்பதுதான்.

ஆகவே தண்ணீரிலிருந்து தொடங்குவோம். கிழங்கு கழுவிய நீரில் மண்ணும் தோலும் இருக்கும், மாசு குறைவு. மாவுப்பால் தெளிந்த பின் தொட்டியிலிருந்து வடிக்கும் நீரில்தான் சரக்கு. இரண்டையும் ஒரே வாய்க்காலில் விட்டால் கலன் வீணாகப் பெரிதாகும், அடியில் மண் சேரும். வடித்த நீர் புளித்தது, கிழங்கின் சயனைடும் அதில் உண்டு. சுமையை மெல்ல ஏற்றினால் கலனில் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். ஆனால் மாவை வெளுக்கும் ரசாயனம் கலந்த நீர் உள்ளே போனால் அவை செத்துவிடும்.

நெதர்லாந்தில் 1970களில் லெட்டிங்கா குழு உருவாக்கிய யு.ஏ.எஸ்.பி. கலனில் நீர் அடியிலிருந்து சேற்றுப் படுகை வழியே மேலேறுகிறது. குட்டையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலை இதில் மணிக்கணக்கில் முடியும், இடமும் குறைவு. திப்பி (கிழங்குச் சக்கை) நாரும் மிதக்கும் மாவும்தான் இதற்கு எதிரி: அவை படுகையில் புகுந்தால் குருணைச் சேறு நீரோடு வெளியேறிவிடும். சல்லடையும் படிவுத் தொட்டியும் ஒழுங்காக நடத்த ஆள் இல்லாத ஆலை இதை வாங்கக் கூடாது. நுண்ணுயிர் ஒட்டி வளரும் நிரப்பி கொண்ட கலன் திடீர்ச் சுமையைத் தாங்கும். ஆனால் நார் அதையும் அடைக்கும். நிலம் இருக்கிறது, ஆள் இல்லை என்றால் உறையிட்ட குட்டையே என் தேர்வு. உறைக்கடியில் சேறு அள்ளுவது பெரும்பாடுதான், அதற்கு வழி முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

கிழங்கு சீசன் முடிந்தால் கலன் செத்துப்போகாதா என்பார்கள். சேறு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்; சீசன் தொடங்கும்போது படிப்படியாக ஊட்டினால் மீண்டும் எழும். திறந்த குட்டைக்குச் செலவே இல்லையே என்பது அடுத்த வாதம். அங்கும் குமிழ் விடுவது அதே மீத்தேன்தான், அடுப்புக்கு வராமல் காற்றில் போகிறது; நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். காற்றூட்டும் தொட்டி மட்டும் போதாதா? ஒரு கிலோ மாசுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் தின்று, அரைக் கிலோவரை சேறு தள்ளும். காற்றில்லாமல் இயங்கும் எரிவாயுக் கலனில் சேறு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. எனினும் நீர்நிலையில் விட பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் சிதைக்கும் மாசின் ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். அதற்குக் காற்றில்லாக் கலன் மட்டும் போதாது, பின்னால் சிறிய காற்றூட்டும் தொட்டி ஒன்று தேவைப்படும்.

வாயு வந்ததும் ஜெனரேட்டர் ஆசை வரும். அந்த 0.35 கன மீட்டரில் இருப்பது சுமார் 3.5 யூனிட் வெப்பம். மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். போதாததற்கு ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும். ஜவ்வரிசி வறுக்கும் தட்டுகளுக்கடியில் விறகுக்குப் பதில் வாயுவை எரித்தால் வெப்பத்தில் பெரும்பகுதி நேரடியாகப் பயன்படும். கொட்டேஷனில் வாயு அளவுக்கு மேல், வெளியேறும் நீரின் சி.ஓ.டி.க்கு எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். அடுப்பு எரியாத நாளில் வாயுவை எரித்துத் தீர்க்கும் குழாய் அந்த விலையில் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.