வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு ஐ.பி. (திவால் மனு) கொடுக்கலாமா?

கேள்வி: சித்தன்னவாசல் மலைக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்தேன். கொரோனாவில் விழுந்த வியாபாரம் எழவேயில்லை. வங்கியில் 4 லட்சம் கடன், மைத்துனர் ஜாமீன். புரோநோட்டில் 3 லட்சம். இன்னொருவரிடம் என் செக் இருக்கிறது. வீட்டை மனைவிக்கு எழுதிவைத்துவிட்டு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் யாரும் கிட்டே வர முடியாது என்கிறார் நண்பர். சரியா?
– வாசகர், சித்தன்னவாசல்

பதில்: முதலில், பத்திர ஆபீஸ் பக்கம் போகாதீர்கள். நம் மாவட்டத்தில் தனிநபர் திவாலுக்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். (2016-இன் புதிய சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது.) மனைவிக்கு செட்டில்மெண்ட் எழுதி இரண்டு வருடத்துக்குள் மனு போட்டு நீங்கள் திவாலானால், அந்தப் பத்திரத்தை 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவின்கீழ் கோர்ட் ரத்து செய்யலாம். கடன்காரரை ஏமாற்றச் சொத்தை மறைத்தது தெரிந்தால் ஓராண்டு வரை சிறையும் உண்டு. வீடும் போய், உங்கள் நாணயமும் போகும்.

நண்பர் சொல்லும் மஞ்சள் நோட்டீஸ், அதாவது வக்கீல் நோட்டீஸால் மட்டும் எதுவும் நிற்காது. சார்பு நீதிமன்றத்தில் மனு போட்டு, கோர்ட் உங்களை நொடித்தவர் என்று அறிவித்தால்தான், கோர்ட் அனுமதியின்றி புரோநோட்டுக்காரர் புது வழக்கு போட முடியாது. சொத்து கோர்ட் வசமோ ரிசீவர் வசமோ போகும். விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக்கூடாது என்ற விலக்கு, டீக்கடைக்காரருக்குத் தானாகக் கிடைக்காது.

செக் வழக்கு குற்ற வழக்கு, ஐ.பி. அதைத் தடுக்காது. மைத்துனரும் தப்ப மாட்டார். நீங்கள் கடனிலிருந்து விடுவிப்பு பெற்றாலும் ஜாமீன்தாரர் பொறுப்பு அப்படியே நிற்கும் என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவரிடம் இதைச் சொல்லாமல் மனு போடுவது நியாயமில்லை.

திவால் உத்தரவோடு எல்லாம் முடிந்தது என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோர்ட் குறித்த கெடுவுக்குள் விடுவிப்பு மனு போடாவிட்டால் உத்தரவே ரத்தாகும். விடுவிப்பு வரும்வரை, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலும் குற்றம். 1920-இல் போட்ட தொகை, இன்னும் யாரும் திருத்தவில்லை!

ஏழு லட்சத்துக்கு இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? புதுக்கோட்டை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வங்கிக் கடனை லோக் அதாலத்துக்குக் கொண்டுவரப் பாருங்கள். தவணையோ தள்ளுபடியோ பேசி முடிக்கலாம். மைத்துனரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.