கடலோர ஆளுக்கும் ஒரு கடற்கரை ஓய்வு: வடசென்னையிலிருந்து முதல்முறை ரிசார்ட் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் வீடு, காசிமேட்டில் தொழில். கடல் பார்க்க ஈ.சி.ஆர். வரை போய் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கரீபியன் தீவுகளின் ஓலைக்குடையும் பச்சைத் தண்ணீரும் கைபேசியில் வந்து ஆசை காட்டும்போது, அதில் பாதியையாவது அரை நாள் பயணத்தில் அனுபவிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரிசார்ட் வாசலில் இதுவரை கால் வைக்காதவர்கள், வைக்கத் தயங்குகிறவர்கள், இவர்கள்தான் என் வாசகர்கள்.

ஏன் தெற்கே போகிறோம்

நம் பக்கத்தில் கடல் இருக்கிறது, கரை இல்லை. சென்னைக் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் சில மாதங்கள் மட்டும் திசை மாறும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை உடைத்துப்போட்டது, மறுபடியும் கட்டினார்கள். அந்த அணை வடக்கே போகும் மணலைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது, தெருக்கள் போயின. மிச்சமிருப்பதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நின்று பார்த்தால் கண்ணில் படுவது அந்தக் கல் சுவர்தான். மெரினாவில் சுண்டல் தின்கிறவர் உட்கார்ந்திருக்கும் மணலில் நமக்கும் பங்கு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைக்குள் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் வார இறுதிக்கு ஊரைவிட்டுப் போகிறவர்கள் வடக்கேதான் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெட்ராஸ் வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் ஓய்வு எடுக்கும் இடம். கழிமுகத்தையொட்டி பங்களா, படகுச் சவாரி, மீன் விருந்து. 1806-இல் பேசில் காக்ரேன் பணம் போட்டு வெட்டிய கால்வாய் வழியாக அங்கே படகிலேயே போகலாம். பின்னால் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது அதுதான். அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் வந்தபின் எண்ணூரின் கதை வேறு. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்துக்கு வந்த எண்ணெயையும் நம் ஆட்கள் மறக்கவில்லை. அதே பக்கிங்காம் கால்வாய் தெற்கே முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் பக்கமாகவும் போகிறது. நீங்கள் போகப்போகும் ரிசார்ட்டுகள் பல, அந்தக் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல் துண்டில்தான் நிற்கின்றன.

நாளைத் தேர்ந்தெடுப்பது

சனி, ஞாயிறு என்று கட்டாயம் இல்லாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு வார விடுமுறை செவ்வாயில் வரலாம், புதனில் வரலாம். அந்த நாட்களில் அறை வாடகை கண்ணில் படும்படி குறையும், நீச்சல் குளமும் காலியாக இருக்கும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். நேரம் கிடைக்கும், ஆனால் பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் அதே சமயம்தான். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் இருக்கும், கடலில் இறங்க முடியாது. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை விலை ஏறிக்கிடக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

கோவளம், மாமல்லபுரம் என்று இரண்டு பக்கம் பார்த்தால் போதும்.

கோவளம் ராயபுரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1974 முதல் நடக்கும் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் இங்கேதான். பழைய கோட்டை இருந்த இடத்தில் எழுந்தது. 1752-இல் ராபர்ட் கிளைவ் பிடித்துத் தகர்த்த கோட்டை அது. ரிசார்ட்டை விட்டு வெளியே வந்தால் மீனவக் குப்பம், தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் கோவளத்தைத்தான் சொல்வேன். கட்டுமரமும் வலையும் கண்ணில் படுகிற இடத்தில் நம்மவருக்குக் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் கூட வந்தால் மாமல்லபுரம். அறுபது கிலோமீட்டர் வரும். அலுத்துப்போனால் பார்க்க ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாம் இருக்கின்றன, 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஆடம்பரம் வேண்டுமென்றால் டெம்பிள் பே ரிசார்ட். பணம் பார்த்துச் செலவழிப்பவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி இருக்கிறது. அறை சுமார், இடம் அருமை. வடநெம்மேலி, நெம்மேலி பக்கம் உள்ள பெரிய ரிசார்ட்டுகள் அழகுதான், ஆனால் வாசலைத் தாண்டினால் ஒரு டீக்கடைக்கும் வண்டி எடுக்க வேண்டும்.

"தனிக் கடற்கரை" என்று விளம்பரத்தில் போடுவார்கள். நம் நாட்டில் அலை வந்து போகும் மணல் அரசு நிலம், யாருக்கும் தனி இல்லை. ஜமைக்காவில் கதை வேறு. 1956-இல் வந்த சட்டப்படி அங்கே பொதுமக்களுக்குக் கடற்கரையில் பொதுவான உரிமை கிடையாது. தங்கள் ஊர்க் கடலில் கால் நனைக்க உள்ளூர்க்காரர்கள் இன்றும் போராடுகிறார்கள். கரீபியன் படங்களில் உள்ளூர் முகம் அதிகம் தென்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலையைப் படிக்கத் தெரிந்துகொள்வது

முதல்முறை போகிறவர் ஏமாறுவது இங்கேதான், ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள்.

அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் காலை டிபன் சேர்த்து. எம்.ஏ.பி. என்றால் டிபனும் இன்னொரு வேளையும். ஏ.பி. என்றால் மூன்று வேளையும். கரீபியனில் புகழ்பெற்றது இவை எல்லாவற்றையும் தாண்டிய முறை: சாப்பாடு, குடி, விளையாட்டு எல்லாம் ஒரே விலைக்குள். 1981-இல் ஜமைக்காவின் மாண்டிகோ பேயில் புட்ச் ஸ்டூவர்ட் தொடங்கிய சாண்டல்ஸ் அதைப் பெரிதாக்கியது. நம் ஈ.சி.ஆரில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சி.பி.தான் கிடைக்கும். மற்றதெல்லாம் தனி பில்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவு அறை வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். ரூ.7,400 அறைக்கு வரியோடு ரூ.7,770 ஆகும். ரூ.8,000 அறைக்கு ரூ.9,440 ஆகும். வாடகையில் அறுநூறு வித்தியாசம், கையிலிருந்து போவது ரூ.1,670 கூடுதல். பெரிய ரிசார்ட்டின் உணவகத்திலும் 18 சதவீதம் வரலாம். எனவே வலைத்தளத்தில் பெரிய எழுத்தில் தெரியும் விலையை நம்பாமல், கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள். பிறகு ரிசார்ட்டுக்கே போன் போட்டு, "நேரா புக் பண்ணா என்ன சார் குறைப்பீங்க?" என்று கேளுங்கள். விலை குறையாவிட்டாலும் ஒரு வேளைச் சாப்பாடாவது சேரும். பிள்ளைக்குக் கூடுதல் படுக்கை, எந்த வயது வரை இலவசம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், இவை மூன்றையும் அப்போதே கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

போய்ச் சேர்வது

சொந்த வண்டி இருந்தால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுமுன் விடியலிலேயே கிளம்பி, ராஜாஜி சாலை, காமராஜர் சாலை, அடையாறு, திருவான்மியூர் வழியாக ஈ.சி.ஆரைப் பிடியுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் நீலாங்கரையிலேயே பொறுமை தீர்ந்துவிடும்.

வண்டி இல்லாதவர்களுக்கு 2021 பிப்ரவரியில் திருவொற்றியூர் வரை நீண்ட மெட்ரோ இருக்கிறது. விம்கோ நகரிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஏறினால் மாறாமல் சின்னமலையில் இறங்கலாம். அங்கிருந்து திருவான்மியூருக்கு பஸ்ஸோ ஆட்டோவோ, பிறகு மாமல்லபுரம் போகும் மாநகர பஸ். புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் மாமல்லபுரம் ஊருக்குள் போகாமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள், அதை மனதில் வையுங்கள். பஸ்ஸில் வந்து ரிசார்ட் வாசலில் இறங்கக் கூச்சப்பட வேண்டாம். காவலாளி கேட்பது புக்கிங் பெயரைத்தான்.

பையில் என்ன

நீச்சல் குளத்துக்கு நைலான் அல்லது லைக்ரா உடை கட்டாயம். லுங்கி, நைட்டி, புடவை, பருத்தி டீ-சர்ட் எதையும் விடமாட்டார்கள். பருத்தியின் நூல் குளத்து வடிகட்டியில் அடைக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். உடம்பு மூடிய உடைதான் வேண்டும் என்கிற பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை கிடைக்கிறது. ரிசார்ட் கடையில் வாங்காமல் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், விலையில் பாதி மிச்சம். பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், அசல். தொப்பி, செருப்பு, தேங்காய் எண்ணெய். வெளிச்சாப்பாட்டுக்குத் தடை இருக்கும், அதனால் அத்தோ பொட்டலத்தை வழியிலேயே முடித்துவிடுங்கள்.

முதல் நாள்

அறை பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கொடுப்பார்கள், மறுநாள் பதினொன்று பன்னிரண்டுக்குள் காலி செய்யச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு நாள் வாடகைக்கு முழு நாள் கிடைப்பதில்லை. இதற்கு வழி, காலையிலேயே போய்விடுவது. வரவேற்பறையில் பெட்டியை ஒப்படைத்து, குளத்தையும் தோட்டத்தையும் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் தலையாட்டுவார்கள்.

முன்பணமாகக் கொஞ்சம் பிடித்து வைப்பார்கள், ரசீது வாங்குங்கள். அறைக்குள் குட்டிக் குளிர்பெட்டியில் இருக்கும் எதையும் விலைப்பட்டியல் பார்க்காமல் தொடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். மேசையில் வைத்திருக்கும் தண்ணீர், டீத்தூள், காபித்தூள் சாதாரணமாக இலவசம்.

கடலில் இறங்குமுன்

நீந்தத் தெரிந்தவர்கள் என்ற தைரியம் நமக்கு அதிகம். ஆனால் உங்கள் கடலின் பழக்கம் இந்தக் கடலுக்குத் தெரியாது. இங்கே கரையை விட்டு நாலடி போவதற்குள் ஆழம் சட்டென்று இறங்கும் இடங்கள் உண்டு. முட்டுக்காட்டுக் கழிமுகம் கடலில் கலக்கும் கோவளம் பக்கத்து முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. அலை உடையாமல், கொஞ்சம் இருண்ட நிறத்தில், அமைதியாகத் தெரியும் துண்டுதான் ஆபத்து. தண்ணீர் திரும்பி உள்ளே ஓடுகிற இழுப்பு அங்கே இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். நீரோட்டம் எப்படி, தெண்டி ஓடுகிறதா, வன்னி ஓடுகிறதா என்று அங்கே வலை காய வைக்கும் அண்ணனைக் கேட்டால் ரிசார்ட் பலகையைவிடத் தெளிவாகச் சொல்வார். சொறி (ஜெல்லி மீன்) கரையில் ஒதுங்கிக் கிடந்தால் அன்றைக்குக் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு இறங்கக் கூடாது என்பதை நம் ஆண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாடு

காசிமேட்டு ஏலத்தில் விடிகாலை வஞ்சிரம் எடுத்துப் பழகியவருக்கு ரிசார்ட் மீன் வறுவலின் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். என் யோசனை: ரிசார்ட்டில் மீனைத் தொடாதீர்கள். காலை டிபனை மட்டும் அசராமல், ஒன்பதரை மணி வரை உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதற்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. மதியத்துக்கு வெளியே வாருங்கள். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு உணவகங்களில் இறாலும் கடம்பாவும் கண் முன்னாலேயே எடை போட்டுச் சமைப்பார்கள். விலை பேசிவிட்டு உட்காருங்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அது உங்கள் விருப்பம். எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 உத்தரவு. அந்தப் பணத்தை அறையைச் சுத்தம் செய்யும் அக்காவின் கையில் கொடுப்பது நல்லது.

மீதி நேரம்

முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, முட்டுக்காடு படகுத்துறை என்று பட்டியல் போட்டு ஓடினால் அது சுற்றுலா. அதற்கு ரிசார்ட் வாடகை வீண். ஏதாவது ஒன்றைப் போகும் வழியில் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மணலில் பாய் விரித்துப் படுங்கள். வீட்டில் அம்மாவுக்கு அந்த இரண்டு நாளும் அடுப்பு கிடையாது, துணி கிடையாது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் அங்கேயும் ஈரத்துணி பிழிந்துகொண்டிருப்பார்.

திரும்புவது

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் ஈ.சி.ஆரில் சென்னை நோக்கி வண்டிகள் நகராது. பில்லை முந்தின இரவே கேட்டு வாங்கி வரிவரியாகப் பாருங்கள். காலையில் அவசரத்தில் பார்த்தால் குடிக்காத சோடாவுக்கும் கையெழுத்துப் போடுவீர்கள். டிபன் முடித்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, பதினொரு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ராயபுரம். திங்கள் முதல் ஷிப்ட் இருப்பவருக்கு அன்று மாலை முழுக்கத் தூங்கவும் நேரம் இருக்கும்.