கேக் ஒத்துக்கொண்டது, ஆம்லெட் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. 11ஆவது மாதத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் ஆம்லெட் ஊட்டினேன். பத்து நிமிடத்துக்குள் முகமெல்லாம் தடித்து, உதடு வீங்கி, இரண்டு முறை வாந்தி எடுத்தான். முட்டை ஒவ்வாமை என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முட்டையே உடைப்பதில்லை. கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் என் கணவர் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவார். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ அவனுக்குக் கேக் கொடுத்துவிட்டார்கள். இரவு முழுக்க அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "எல்லாம் சரியாகிவிட்டது, ஆம்லெட் போட்டுக் கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? கர்ப்பமாக இருந்தபோது நான் தினமும் முட்டை சாப்பிட்டதால்தான் இது வந்ததா? ஆயுள் முழுக்க இருக்குமா? முட்டை ஒவ்வாமைக்குத் தடுப்பூசி ஆகாது என்று சொன்னதால் ஒரு ஊசியும் பாக்கி இருக்கிறது.
– ம.க., நாமக்கல்

பதில்: முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது நல்ல சேதி. முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு 6 வயதை ஒட்டியே போய்விடுகிறது; மீதிப் பேரில் பலருக்குப் பதின்ம வயதுக்குள் போகிறது. கேக்கில் இருக்கும் முட்டையைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் குணமடைவதையும் பார்க்கிறோம். ஆனால் ஆம்லெட்டை இப்போது வீட்டில் கொடுக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் வெள்ளைக்கருவில் இருக்கும் புரதங்கள். அவற்றில் இரண்டு முக்கியமானவை: ஓவால்புமின் (சூட்டில் எளிதில் உருக்குலையும் புரதம்), ஓவோமியூகாய்டு (சூட்டை ஓரளவு தாங்கி நிற்கும் புரதம்). புரதம் என்பது மடித்து வைத்த சேலை மாதிரி. உங்கள் மகன் உடம்பில் இருக்கும் ஐ.ஜி.இ. (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்) அந்த மடிப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறது. கேக் அரை மணி நேரம் அடுப்புச் சூட்டில் வேகும்போது மடிப்பெல்லாம் கலைந்துவிடுகிறது. போதாததற்குக் கோதுமை மாவும் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்புக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேர் இப்படிக் கேக்கைச் சாப்பிட்டுவிடுவார்கள். சில பிள்ளைகளின் ஐ.ஜி.இ. மட்டும் மடிப்பு கலைந்த பிறகும் அந்தச் சேலையின் நூலையே கண்டுபிடித்துவிடும். அவர்களுக்குக் கேக்கும் ஆகாது, ஒவ்வாமை விலகவும் நாளாகும். உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் இல்லை என்றே தோன்றுகிறது.

ஆம்லெட் தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் இருந்தால் பெரிது. உங்கள் பக்கத்துக் கலக்கியோ பாதிகூட வேகாதது. மயோனைஸ் பெரும்பாலும் பச்சை முட்டையில் செய்வது. இவற்றில் மடிப்பு அப்படியே இருக்கும். முட்டை சேர்த்துப் பிசைந்த பரோட்டாவும் கல்லில் கொஞ்ச நேரமே வேகிறது. அதைக் கேக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் முறை உங்கள் மகனுக்குத் தோலும் வயிறும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டன. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடுத்த படியை வீட்டுச் சமையலறையில் சோதித்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. மாமியார் அன்பினால்தான் சொல்கிறார்; கேக் ஒத்துக்கொண்டதை அவர் சரியாகவே கவனித்திருக்கிறார். அதிலிருந்து ஆம்லெட்டுக்குப் போகும் வழியில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றை அவரும் படிக்கட்டும் என்று தனியாகவே எழுதுகிறேன். நீங்கள் கர்ப்பத்தில் முட்டை சாப்பிட்டதால் இது வரவில்லை. கர்ப்பத்தில் முட்டையைத் தவிர்த்தால் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் கன்னத்திலோ முழங்கை மடிப்பிலோ கரப்பான் (தோல் வறண்டு அரித்துச் சிவக்கும் நோய்) இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. வாய் வழியாகப் போனால் உறவாக எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. அதனால்தான் முட்டையை ஒரு வயதுவரை தள்ளிப்போடும் பழைய அறிவுரை மாறிவிட்டது. நிலக்கடலையில் இதைத் தெளிவாகவே பார்த்தோம். லண்டனில் ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமிருந்த 640 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. சிறுவயதிலேயே கடலை உணவைச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு ஒவ்வாமை வந்தது, தவிர்த்தவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குதான். உங்களுக்கு அடுத்த குழந்தை பிறந்தால் ஆறு மாதத்தை ஒட்டி நன்றாக வெந்த முட்டையைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இனி செய்ய வேண்டியது. கேக்கை நிறுத்திவிடாதீர்கள். அன்று சாப்பிட்ட அளவுக்கு, உள்வரை நன்றாக வெந்த கேக்கை வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மேலே பூசிய கிரீம் வேண்டாம், அதில் வேகாத முட்டை இருக்கக்கூடும்.

அடுத்து, குழந்தைகளுக்கான ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். தோல் குத்துச் சோதனை (முன்கையில் ஒரு சொட்டு முட்டைச் சாறு வைத்து மெல்லக் குத்தி, தடிப்பு வருகிறதா என்று பார்ப்பது) அல்லது ரத்தத்தில் ஐ.ஜி.இ. அளவு பார்ப்பார்கள். ரத்த ரிப்போர்ட்டில் எண் பெரிதாக இருந்தால் தாக்குதலும் பெரிதாக இருக்கும் என்று பயந்து நிறையப் பேர் அழுதுகொண்டு வருகிறார்கள். அந்த எண் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பைத்தான் காட்டும், கடுமையைக் காட்டாது. வருடத்துக்கு வருடம் அது இறங்கி வருகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

முடிவாகச் சொல்வது வாய்வழிச் சோதனை (மருத்துவர் முன்னிலையில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பது). நான் அதை இப்படிச் செய்வேன். கடினமாக வெந்த முட்டையில் மிளகு அளவு முதல் வாய். பிறகு கால் மணி, இருபது நிமிடம் காத்திருப்பு. சட்டையைத் தூக்கி முதுகையும் வயிற்றையும் பார்ப்போம், மூச்சைக் கேட்போம். அடுத்து பட்டாணி அளவு, அப்புறம் ஒரு தேக்கரண்டி. இப்படி ஒரு முழு முட்டை போனபிறகும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்போம். ஊசி மருந்து கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்கும். போன வருடம் ஒரு நான்கு வயதுச் சிறுமி கடைசித் துண்டைத் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா வெளியே வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். அவித்த முட்டையில் தேறியவர்களுக்கு அடுத்தது ஆம்லெட், கடைசியில் கலக்கி. இந்த முறை தேறாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். ஓராண்டு கழித்து மறுபடி பார்ப்போம்.

அதுவரை தற்செயலாக எதையாவது சாப்பிட்டு இருமல், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, மயக்கம் எது வந்தாலும் அது அனஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை). அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் மடியில் உட்கார வைக்கலாம், நடக்க விடாதீர்கள். அங்கன்வாடியில் முட்டை கொடுப்பார்கள் என்பதால் அங்குள்ள டீச்சருக்கும் இதை எழுதிக் கொடுங்கள்.

கோழிக்கறி முட்டை ஒவ்வாமை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியை முட்டை ஒவ்வாமைக்காக நிறுத்த வேண்டியதில்லை. பாக்கி இருப்பது அதுதான் என்றால் இந்த வாரமே போடுங்கள். உங்கள் கணவர் வேலையை மாற்ற வேண்டாம். பண்ணையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றினால் போதும். குளிக்கும்வரை பிள்ளையைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

சோதனைத் தேதி கிடைத்ததும் அரிப்பு மருந்துகளை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்று சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முட்டையை வீட்டிலேயே நன்றாக அவித்து எடுத்துப் போங்கள். நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால் அவனுக்குப் பிடித்த பொம்மை ஒன்றும் கூடவே வரட்டும்.