அறுபத்திரண்டு புள்ளிக்குள் என்ன இருக்கிறது?

தவணை முடிந்து முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வந்தால் அலவத்துகொடவில் முதலில் விழும் கேள்வி, "எத்தனையாம் புள்ள?" என்பதுதான். கணக்குக்கு எத்தனை புள்ளி என்பது அதற்கு அடுத்தது. அந்தப் புள்ளி எதற்குக் கிடைத்தது, எதற்குக் கிடைக்காமல் போனது என்று கேட்பவர்கள் அபூர்வம். கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியில், அக்குறணையைத் தாண்டி வரும் இந்த ஊரிலும் அயலிலும் 6 முதல் 9ஆம் தரம் வரை நீண்ட காலம் கணிதம் படிப்பித்துவரும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பெற்றார் கூட்டத்துக்கு வரும் உம்மாமாரிடம் அவர் பேச்சை ஆரம்பிப்பதே அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்துதான்.

7ஆம் தரத்தில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் கணிதத்தில் 62 என்று வைத்துக்கொள்ளச் சொல்வார். ஒருவனுக்குக் கோணமும் பரப்பளவும் கைவந்தவை; பின்னம் வந்தால் பேனை நின்றுவிடும். மற்றவளுக்குப் பின்னம் தண்ணீர் பட்ட பாடு. அட்சரகணிதக் கோவைதான் ஏறாது. அறிக்கையில் இருவரும் ஒன்று. இருவரையும் ஒரே டியூஷன் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஆளுக்குப் பாதி நேரம், ஏற்கெனவே தெரிந்த பாடத்தில் கழிகிறது.

இந்த 62ஐப் பிரித்துக் காட்டுவதுதான் தேர்ச்சி அடிப்படையிலான மதிப்பீடு. பாடத்துக்கு மொத்தமாக ஒரு புள்ளி போடாமல், பிள்ளை கற்க வேண்டிய ஒவ்வொரு தேர்ச்சிக்கும் தனித்தனியாக அவன் எங்கே நிற்கிறான் என்று எழுதுவது. பக்கத்து மேசைப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. குறித்து வைத்த இலக்கோடு ஒப்பிடுவது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் கிளேசர் 1963 இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார். போதிய நேரமும் உதவியும் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் இலக்கை எட்டுவார்கள் என்று 1968 இல் பெஞ்சமின் புளூம் வாதிட்டார். இன்று அமெரிக்காவின் பல நடுநிலைப் பள்ளிகளில் அறிக்கை அட்டையே இந்த அமைப்பில்தான் வருகிறது.

வெளிநாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இலங்கையில் 2007 இல் 6ஆம், 10ஆம் தரங்களிலிருந்து தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஆரம்பமானது. மகரகம தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். பாடசாலை மட்டக் கணிப்பீடும் அதற்கு முன்பே வந்துவிட்டது. படிப்பிப்பது தேர்ச்சிவாரியாக, அறிக்கை மட்டும் பழையபடி மொத்தப் புள்ளி, சராசரி, இடம். சித்திரத்தையும் கணிதத்தையும் வரலாற்றையும் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி எதை அளக்கிறது என்று யாராவது விளக்கினால் நல்லது.

ஆசிரியையின் அனுபவத்தில் முதற் பாடம்: எல்லாத் தேர்ச்சியையும் ஒரே தவணையில் பிடிக்கப் போகக் கூடாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருபது தேர்ச்சி என்றால் எண்ணூறு கட்டங்கள். அவற்றை நிரப்பும் வேலையில் படிப்பித்தல் காணாமல் போகும். கணிப்பீட்டுப் படிவங்கள் தவணைக் கடைசியில் ஒரே இருப்பில் நிரப்பப்படும் கதை இந்நாட்டு ஆசிரியர் எவருக்கும் புதிதல்ல. அவர் தவணைக்கு நான்கே நான்கைத் தெரிவார். அடுத்த தரத்துக்குப் போனால் எது இல்லாமல் பிள்ளை விழுந்துவிடுமோ, அதுதான் தெரிவுக்கு அளவு. 7ஆம் தரத்தில் பின்னமும் திசைகொண்ட எண்களும் கட்டாயம் இருக்கும். பதிவதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி போதும். இடப்பக்கம் பெயர், மேலே நான்கு தேர்ச்சி, ஒவ்வொரு கட்டத்திலும் திகதியோடு ஒரு குறி.

தேர்ச்சியை வழிகாட்டியின் மொழியிலேயே சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். "பகுதி எண் வேறுபட்ட இரண்டு பின்னங்களை என்னால் கூட்ட முடியும்" என்று பிள்ளையின் வாயில் வருவது போல எழுதினால், தனக்கு அது முடியுமா முடியாதா என்று அதுவே சொல்லிவிடும்.

மட்டங்களைப் பிரிப்பதுதான் கடினமான வேலை. 8ஆம் தரத்துச் சதவீதத்துக்கு அவர் ஊர்த் தோட்டத்து மிளகையே எடுத்துக்கொள்கிறார். பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நிறைதான் மிஞ்சும் என்பது இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். 12 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் எவ்வளவு? 4 கிலோ என்று உதவியோடு சொல்பவர் ஆரம்ப மட்டம். தானாகவே சொல்லி, குறைந்த நிறையைச் சதவீதமாக எழுதத் தொடங்கி இடையில் தடுமாறுபவர் அடுத்தது. 66⅔ வீதம் என்று சுயமாக முடிப்பவர் இலக்கை எட்டியவர். 50 கிலோ காய்ந்த மிளகு தர ஒப்புக்கொண்ட வியாபாரி எவ்வளவு பச்சை மிளகு வாங்க வேண்டும், என்ன விலைக்கு மேல் வாங்கினால் கை கடிக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுபவர் இலக்கைத் தாண்டியவர். ஒரே கேள்வி நாலு பேரை நாலு இடத்தில் காட்டிவிடுகிறது. 8ஆம் தரப் பிள்ளைகளில் சிலர் விலைப் பகுதியில் தகப்பனையே மிஞ்சிவிடுவதும் உண்டு. அக்குறணைப் பக்கத்து வியாபார இரத்தம்!

இந்த நான்கு மட்டங்களையும் இலக்கத்தில் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் வரும் சிக்கல் ஒன்றுண்டு. நாலுக்கு மூன்று என்றதும் வீட்டில் அதை உடனே 75 ஆக்கிவிடுகிறார்கள், "இருபத்தஞ்சு எங்க போச்சு?" என்று விசாரணை நடக்கிறது. மூன்று என்பது எதிர்பார்த்ததை முழுதாகச் செய்தான் என்பதற்கான குறி. அதனால் அறிக்கையோடு வைக்கும் துண்டில் இலக்கமே போடாமல், "உதவி தேவை", "நெருங்கிவிட்டார்", "எட்டிவிட்டார்", "தாண்டிவிட்டார்" என்று அவர் எழுதுகிறார். விசாரணை குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.

சராசரியின் மேல் அவருக்கு உள்ள கோபம் தனி. பின்னத்தில் ஒரு பிள்ளை அடுத்தடுத்து 20, 35, 50, 80, 85 எடுக்கிறது. சராசரி 54. சாதாரண தரப் பரீட்சையின் அளவுகோலில் 50க்கு மேல் சி, 75க்கு மேல் ஏ. இன்று அந்தப் பிள்ளைக்குப் பின்னம் தெரியும். ஆனால் தெரியாதிருந்த நாட்களுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுத்து அதைச் சி ஆக்குகிறோம். தேர்ச்சி முறையில் கடைசியாக உறுதிப்பட்ட நிலையே பதிவாகும். பூச்சியமும் இப்படித்தான். 90, 85, 95 எடுத்த பிள்ளை நாலாவது ஒப்படையைக் கொடுக்காவிட்டால் சராசரி 67.5க்கு விழுகிறது. கணிதம் மறந்துவிட்டதா? இல்லை, கொப்பி கொடுபடவில்லை. பொறுப்பின்மையைக் கண்டிக்க வேண்டியதுதான். அதற்கு வேறொரு நிரல் இருக்கிறது. வரவு, ஒப்படை நேரத்துக்குத் தருதல், குழுவில் ஒத்துழைத்தல் எல்லாம் அங்கே போகட்டும் என்கிறார்.

மறுபடி எழுத வாய்ப்புக் கொடுப்பது இந்த முறையின் உயிர்நாடி. அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. "பிறகு எழுதலாந்தானே" என்று முதல் தடவை படிக்காமலே வரும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரு நிபந்தனை: எங்கே பிழைத்தது என்று தன் கையால் எழுதி, அந்த வகைக் கணக்கு ஐந்து செய்து காட்டினால்தான் மறுவாய்ப்பு. வினாவும் புதிது. சோம்பேறிகளை இது வடித்துவிடுகிறது.

பிரித்துப் பார்த்ததை மறுபடி கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கடல் கடந்த அனுபவமும் காட்டுகிறது. இந்தியாவின் சி.பி.எஸ்.இ. 2009 இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, 2017 இல் கைவிட்டது. தமிழ்நாடு 2012-13 இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவத்தோடு அதை நடைமுறைப்படுத்தி, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தது. கடைசியில் எல்லாவற்றையும் நூறாகக் கூட்டும் இடத்தில், எந்தத் திறன் வந்தது என்ற செய்தி மறுபடி புதைந்துபோகிறது. இங்குள்ள பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் அதே விதிதான்.

பெற்றோர் தரப்பிலிருந்து வரும் கேள்வியும் நியாயமானது: "டீச்சர், இதெல்லாம் சரி, ஓ.எல்.ல ஏ வருமா?" பரீட்சைத் திணைக்களம் தேர்ச்சிப் பட்டியல் கேட்பதில்லை, மொத்தப் புள்ளிதான் கேட்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 11ஆம் தரத்தில் ஏ தவறும் பிள்ளையின் விடைத்தாளில் 7ஆம் தரத்துப் பின்னமும் 8ஆம் தரத்துச் சதவீதமும்தான் பிழைத்துக் கிடக்கின்றன என்பது அவர் பதில். பெற்றார் கூட்டத்தில் கேட்பதற்கு மூன்று கேள்விகளையும் சொல்லிக் கொடுக்கிறார்: எந்த இடத்தில் நிற்கிறான்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல ஆசிரியருக்கும் அந்த சீ.ஆர். கொப்பி வேண்டியிருக்கும்.

பாடங்களை மொடியூல்களாகப் பிரித்து, தொடர் கணிப்பீட்டுக்குக் கூடுதல் இடம் தரும் சீர்திருத்தம் 2025 இல் அறிவிக்கப்பட்டது. 6ஆம் தரத்தில் 2026 இல் தொடங்கவிருந்தது, 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. சுற்றறிக்கைக்காக அவர் காத்திருக்கவில்லை. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர், தாண்டாதவர் என்று முத்திரையோடு 6ஆம் தரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஒரு சிறு தாள் கொடுக்கிறார். அதில் அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொல்லும் கணக்கு ஒன்று. ஐந்தில் இரண்டு என்று எழுதுபவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களை ஒரு குழுவாக்கி, முதலாம் தவணைப் பரீட்சைக்கு முன்பே கடதாசி மடிப்பிலிருந்து பின்னத்தை மறுபடி ஆரம்பிக்கிறார்.